ஓசன்னா என்றால் இப்போதே

பிப்ரவரி 18, புதன்

என் அப்பா கர்த்தரை விட்டுவிட்டு ஒரு எம்.எல்.ஏ.வைக் கும்பிடுகிறார்.

கோபத்தில் எழுதவில்லை. காலை ஆறு மணி, காபி குடித்தாயிற்று, தெளிவாகத்தான் இருக்கிறேன். முன்னறையில் அம்மாவின் படம் தொங்கிய ஆணியில் இப்போது சந்திரபாண்டி அண்ணாச்சியின் காலண்டர் தொங்குகிறது. கைகூப்பிச் சிரிக்கிறார். அம்மா அலமாரிக்கு மேலே, சுவரில் சாய்ந்து, பாதி முகத்தைப் பழைய தலையணை மறைக்க இருக்கிறாள். கேட்டதற்கு அப்பா சொன்னார்: "காலண்டருக்கு ஆணி வேணும்லாட்டி. படம் எங்க இருந்தாலும் படந்தான்."

இன்று சாம்பல் புதன். பெயர்தான் அப்படி, எங்கள் சபையில் நெற்றியில் சாம்பல் பூசுவதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாற்பது நாளும் ஆளுக்கொன்றை விடுவார்கள். அப்பா கறி மீனை விடுகிறார். பக்கத்து வீட்டு ரெஜினாள் மதினி சீரியலை விடுகிறாளாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும். நான் பொய்யை விடுகிறேன். அதற்குத்தான் இந்த நோட்டு. இதில் உண்மையை மட்டும் எழுதுவேன்.

உண்மை ஒன்று: என் பெயர் கெத்சியாள். இருபத்துநான்கு வயது. நவம்பரிலிருந்து பேரூராட்சி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. பன்னிரண்டு பேர் நேர்காணலுக்குப் போனோம், என்னை எடுத்தார்கள். தகுதிக்குக் கிடைத்த வேலை.

உண்மை இரண்டு: அம்மா செத்து இரண்டு வருஷமாகிறது. டிசம்பரிலிருந்து அவள் கல்லறைக்கு எங்களால் போக முடியவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆராதனையில் மன்றாட்டு ஜெபத்தை அப்பாதான் ஏறெடுத்தார். பெத்தேல்விளை சபைக்குப் பதினாறு வருஷமாக அவர்தான் செயலாளர். ஞானசிகாமணி என்று அவர் பேரைச் சொன்னால் கடைக்காரருக்குத் தெரியாது, செயலாளர் என்றால் நாய்க்கும் தெரியும்.

நோயாளிகளுக்கு ஒரு வரி ஜெபித்தார். விதவைகளுக்கு அரை வரி. அண்ணாச்சிக்கு நாலு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "அந்நாட்களில் உம்முடைய ஜனத்துக்காகக் கோரேசு ராஜாவை எழுப்பினீரே ஆண்டவரே, இந்நாட்களில் எங்களுக்காக அண்ணாச்சியை எழுப்பினீரே." முன்வரிசை முழுக்க ஆமென் போட்டது.

கோரேசு, சிறைப்பட்டுக் கிடந்த யூதர்களை ஊருக்கு அனுப்பிவைத்த பாரசீக ராஜா. நம்மவன் இல்லை, ஆனாலும் கர்த்தர் பயன்படுத்தினார் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அப்பா அண்ணாச்சிக்குச் சூட்டிவிட்டார். இப்போது ஊரே சொல்கிறது. "கோரேசு வாராவளா?" "கோரேசு போன் எடுத்தாவளா?"

கோரேசு என்ன செய்தார்? எங்கள் கோயில் கோபுரத்துக்கு வெள்ளையடித்தார். அசனத்துக்கு, அதாவது பண்டிகைக்கு ஊரே ஒரு பந்தியில் சாப்பிடுகிற அன்றைக்கு, அரிசி தந்தார். மைக் செட் வாங்கித் தந்தார். அவர் தந்த மைக்கில் அவருக்காக ஜெபிக்கிறோம்.

அவருடைய மச்சினன் என்ன செய்தான் என்று யாரும் ஜெபத்தில் சொல்வதில்லை. ஊருக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் கல்லறைத் தோட்டம். போக ஒரே பாதை. இருபுறத்து நிலத்தையும் மச்சினன் வாங்கி இறால் பண்ணை வெட்டினான். டிசம்பர் ஏழாம் தேதி பாதையின் குறுக்கே இரும்புக் கேட்டைப் போட்டுப் பூட்டினான். கேட்டால் பாதையும் தன் நிலம்தான் என்கிறான். பண்ணைத் தண்ணீர் கசிந்து தோட்டத்துச் சுவரின் தெற்கு மூலை சரிந்துவிட்டது. அம்மா கிடப்பது தெற்கு மூலையில்.

பிப்ரவரி 26, வியாழன்

தாலுகா ஆபீசிலிருந்து தபால். போதகரும் நானும் ஜனவரியில் எழுதிப் போட்ட மனுவுக்குப் பதில். தேர்தல் வேலை வருவதால் விசாரணையை முன்னதாக முடிக்கிறார்களாம். மார்ச் 12. பாதை சபைக்கு உரியது என்பதற்கான மூலப் பத்திரத்தைக் கொண்டுவர வேண்டும்.

பத்திரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் நிலத்துக்காரர் ஒருவர் முத்திரைத்தாளில் கைநாட்டு வைத்துப் பாதையைச் சபைக்கு எழுதிக் கொடுத்தார். பதிவு செய்யாதது. அதனால் எந்த ஆபீசிலும் நகல் கிடையாது. அந்த ஒரு தாள்தான். செயலாளர் பெட்டியில் இருக்கும். செயலாளர் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். தபாலை வாங்கிக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

"இதுக்கு ஏன் தாலுகா ஆபீசுக்குப் போவணும்? அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா?"

"மூணு மாசமாச் சொல்லிட்டுத்தான இருக்கீங்க."

"பொறு. அவியளுக்கு ஆயிரம் சோலி."

பிப்ரவரி 28, சனி

ரேஷனில் பாமாயில் இல்லை. வீட்டைக் கழுவினேன். பெட்டிச் சாவியைக் கேட்டேன். அப்பா, தேடித் தருகிறேன் என்றார்.

மார்ச் 3, செவ்வாய்

சாவியைத் தேடுகிறார்.

மார்ச் 6, வெள்ளி

ஆபீசில் புதிதாக ஒரு சுழல் நாற்காலி வந்தது. எனக்குப் போட்டார்கள். எனக்கு முன்னால் ஒன்பது வருஷமாக இருக்கிற லில்லி அக்கா இன்னும் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருகிறாள். மேலாளர் சிரித்தார்: "ஒங்களுக்கு ஒண்ணு குறைஞ்சா எங்களுக்குல்லா போன் வரும்." என்ன போன் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு எப்போதும் ஏதாவது கிண்டல்.

நாற்காலி நன்றாக இருக்கிறது. முதுகு வலிக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

தாசில்தார் ஒரு பெண். களைத்த முகம், நல்ல குரல். ஒரு பக்கம் மச்சினனும் வக்கீலும். மறுபக்கம் போதகர், அப்பா, நான்.

"மூலப் பத்திரம்?"

அப்பா எழுந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒன்றுமில்லை.

"அம்மா, அது... கரையான் அரிச்சிட்டும்மா."

நேற்று ராத்திரி வரைக்கும் சாவியைத் தேடிக்கொண்டிருந்த மனிதர். திறக்காத பெட்டிக்குள் கரையான் அரித்தது இவருக்கு எப்படித் தெரிந்தது?

தாசில்தார் அவரையே பார்த்தார். "அரிச்ச தாளையாவது கொண்டு வந்தீங்களா?"

"தூரப் போட்டாச்சும்மா."

வக்கீல் இருமினார். மச்சினன் போனை நோண்டினான். தாசில்தார் எழுதிக்கொண்டே சொன்னார்: "பத்திரம் இல்லன்னாலும், அதைக் கையில் வச்சிருந்தவர் அதில் என்ன எழுதியிருந்தது, அது என்னாச்சுன்னு சத்தியப் பிரமாணத்தோட வாக்குமூலம் குடுக்கலாம். உண்மையாக் குடுக்கணும். ஏப்ரல் ஆறு, திங்கட்கிழமை. அதுக்குமேல நான் தள்ள மாட்டேன்."

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் ஆறு தடவை கேட்டேன். ஆறாவது தடவை, "தலை வலிக்கி, கெத்சி" என்றார்.

மார்ச் 14, சனி

ரெஜினாள் மதினி உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். பாதமெல்லாம் உப்பு வெடிப்பு. கரையான் கதையைச் சொன்னேன்.

"கரையானா? வெள்ளை வேட்டி கட்டின கரையானால்லா இருக்கும்."

"மதினி, எங்கப்பாவைச் சொல்லாதீங்க."

"நான் ஏன் சொல்லுதேன். என் மூத்த பயலும் அங்கதான் கெடக்கான். பேரு வைக்கதுக்கு முன்னாலயே போனவன். வருசத்துக்கு ஒரு மெழுகுதிரி, அவ்வளவுதான் நான் அவனுக்குச் செய்யது. அதையும் கேட்டைப் போட்டு மறிச்சிட்டான்." காலைத் துடைத்தாள். "நவம்பர்ல ஒருநாள் ஒங்கப்பா மஞ்சப் பையோட அண்ணாச்சி வீட்டுக்குப் போனாவள்லா? நான் பஸ் ஸ்டாப்புல நின்னேன். மறுநாளு ஒனக்கு ஆர்டர் வந்துச்சுன்னு முட்டாயி கொண்டாந்து தந்தாவ. நல்ல முட்டாயி. தேங்காய் போட்டது."

மதினிக்கு வாய் அதிகம். எதையும் எதோடும் முடிச்சுப் போடுவாள்.

மார்ச் 15, ஞாயிறு

தலைவலி. கோயிலுக்குப் போகவில்லை. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அப்பா அறிவித்தார்: வருகிற ஞாயிறு குருத்தோலைப் பவனியின்போது அண்ணாச்சி வருகிறார். தேர்தல் விதிப்படி கோயிலுக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாதாம். அதனால் நாலு முக்கில் வேனோடு நிற்பார். பவனி அவரைக் கடந்து போகும். "கடந்துதான போறோம். அதுல ஒண்ணும் தப்பில்ல." போதகர் தரையைப் பார்த்தார். அவருக்கு மே மாதம் இடமாற்றம். தலையிட மாட்டார்.

ஓய்வுநாள் பள்ளி என் பொறுப்பு. முப்பத்தேழு பிள்ளைகள். பவனியில் அவர்கள்தான் முன்னால் போவார்கள். இயேசு கழுதை மேல் எருசலேமுக்குள் வந்தபோது ஜனங்கள் குருத்தோலை பிடித்துக் கத்திய ஓசன்னாவுக்கு இன்று அர்த்தம் சொல்லிக்கொடுத்தேன். இத்தனை வருஷமும் அது வாழ்த்து என்று நினைத்துக் கத்தியிருக்கிறோம், வாழ்க, வாழ்க மாதிரி. எபிரெய மொழியில் அது ஒரு கூப்பாடு. காப்பாற்றும், இப்போதே காப்பாற்றும் என்று அர்த்தம். நாளைக்கு இல்லை, இப்போதே.

பெர்சிஸ் என்று ஒரு வாயாடி, எட்டு வயது. "அப்போ கெணத்துல விழுந்தா ஓசன்னான்னு கத்தலாமாக்கா?"

"கத்தலாம்."

"யாரு வருவா?"

"யாரைப் பாத்துக் கத்துதியோ அவங்க."

மார்ச் 25, புதன்

அப்பா வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்டுக் காயவைத்தார். கஞ்சியும் அவரே காய்ச்சினார். அம்மா இருந்தவரை அவர் வேட்டியை அவர் தொட்டதில்லை. கொடியருகே நின்று சுருக்கம் நீவிக்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். கழுத்து மெலிந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

காலை ஏழு மணிக்கு மேலத்தெருவில் புறப்பட்டோம். பிள்ளைகள் முன்னால், ஆளுக்கொரு பனங்குருத்து. பின்னால் பெண்கள், அதற்குப் பின்னால் ஆண்கள். பக்கவாட்டில் கையில் மைக்கோடு அப்பா. நல்ல வெயில். நாலு முக்கில் கொடி கட்டிய திறந்த வேன் நின்றது. மேலே அண்ணாச்சி.

என் பின்னால் ரெஜினாள் மதினி: "கழுதையை எங்கட்டி காணும்?"

"மதினி, சும்மா வாங்க."

"அன்னைக்கு ஒருத்தரு கழுதை மேல வந்தாரு. இன்னைக்கு வேன் மேல..."

"மதினி!"

"நான் வேனைத்தான் சொன்னேன்."

கடந்து போகவில்லை. அப்பா கையைத் தூக்கினார், பவனி நின்றது. வேனைப் பார்த்துத் திரும்பி மைக்கில் முழுக்குரலில் "ஓசன்னா!" என்றார். என் அப்பாவுக்கு நல்ல குரல். அம்மாவை அடக்கம் செய்தபோது அந்தக் குரல்தான் பாடியது. ஊரே திருப்பிச் சொன்னது: "ஓசன்னா!" குருத்துகளெல்லாம் வேன் பக்கம் சாய்ந்து ஆடின. யாரோ மாலை போட்டார்கள். அண்ணாச்சி கைகூப்பிச் சிரித்தார். காலண்டரில் இருக்கிற அதே சிரிப்பு, ஒரு பல் கூடவும் இல்லை குறையவும் இல்லை.

பிறகு இறங்கி வந்தார். பெர்சிஸின் தலையைத் தடவினார். என்னைப் பார்த்துத் தணிந்த குரலில், சொந்தக்காரரைப் போலக் கேட்டார்.

"சிகாமணி மகதான? வேலையெல்லாம் சுகமாப் போகுதாம்மா?"

"போகுது."

"ஒங்கப்பா மாதிரி ஒரு மனுசன் கெடையாதும்மா. சபைப் பத்திரத்தையே கொண்டாந்து, நீங்க வச்சிருந்தாத்தான் பத்திரம்னு என் கையில குடுத்தாவ. அந்த மனசு யாருக்கு வரும்? ஒனக்கு அன்னைக்கே சொல்லி ஆர்டர் போடச் சொல்லிட்டேன்லா."

மிரட்டவில்லை. ஒளிக்கவும் இல்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துப் பாராட்டினார். அதுதான் தாங்கவில்லை.

அப்பா இரண்டடி தூரத்தில் நின்றார். மைக்கை அணைத்திருந்தார். கேட்டிருக்கும்.

நான் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க. கீழத்தெரு வழியாப் போறோம்."

"பவனி அந்தப் பக்கம்லா போகும்?" என்றான் ஒருவன்.

"இன்னைக்கு இந்தப் பக்கம்."

முப்பத்தேழு பேரும் திரும்பினார்கள். பிள்ளைகளுக்கு எந்தத் தெருவானாலும் சரிதான். பின்னால் அப்பா மைக்கில் "கெத்சியாள்! கெத்சியாள்!" என்று கூப்பிட்டது ஊரெல்லாம் கேட்டது. பெண்களில் பத்துப் பன்னிரண்டு பேர் எங்களோடு வந்துவிட்டார்கள். முதல் ஆள் யாரென்று எழுத வேண்டியதில்லை. அண்ணாச்சியின் போட்டோகிராபர் ஜனங்கள் ஆட்டிய குருத்துகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். படத்தில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

கீழத்தெருவில் பெர்சிஸ் என் சேலையை இழுத்தாள். "யக்கா, ஓசன்னான்னா காப்பாத்துங்கன்னுதான சொன்னீங்க? அவருகிட்டயா காப்பாத்தச் சொன்னோம்?"

"ஆமா."

"எதுலேருந்து?"

"குருத்தை நேராப் பிடி" என்றேன். அவரிடமிருந்துதான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 30, திங்கள்

காலையில் அப்பா தோசைக்கு உட்கார்ந்ததும் கேட்டேன். சண்டை வேண்டும் என்றுதான் கேட்டேன்.

"கரையான் எங்கப்பா இருக்கு? எம்.எல்.ஏ. வீட்லயா?"

தோசையைப் பிட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்கு வேலை வேணும்னு நான் கேட்டேனா?"

"நீ கேக்கல. ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தியே, அது கேட்டுச்சு. ரெண்டு வருசம் எத்தனை பரிச்சை எழுதின? நான் பெத்தவன்லாட்டி." நிமிர்ந்தார். "நான் ஒண்ணும் விக்கல. பத்திரமா இருக்கட்டும்னு குடுத்தேன். அவியதான் ஒன்னைப் பத்திக் கேட்டாவ. கேட்டதுக்குச் சொன்னேன். தப்பா?"

"டிசம்பர்ல கேட்டைப் போட்டதும் பத்திரத்தைத் திருப்பிக் கேட்டீங்களா?"

"அண்ணாச்சிகிட்டப் போய் சந்தேகப்பட்டுக் கேக்க முடியுமா?"

"அம்மா அங்க கெடக்கா."

அப்போது சொன்னார். ஜெபத்தில் பேசுகிற குரலில், மெதுவாக: "உங்கம்மா அங்க இல்லட்டி. பரலோகத்துல இருக்கா. மண்ணுக்காகச் சண்டை போடுறது விசுவாசி செய்யற காரியம் இல்ல."

எனக்கு அடிக்க வேண்டும் போலிருந்தது. அப்பாவை இல்லை. அந்த வாக்கியத்தை. உப்பளத்தில் கூலி குறைத்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள், உங்கள் கூலி பரலோகத்தில் என்று. ஏழைக்கு எல்லாம் பரலோகத்தில். இங்கே உள்ளதெல்லாம் மச்சினனுக்கு.

"அங்க இல்லன்னா, எதுக்கு அவ தலைமாட்டுல சிலுவை நட்டீங்க? பக்கத்துல எனக்கும் ஒரு இடம் விடுங்கன்னு குழி வெட்டினவர்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

தோசை பாதியில் கிடந்தது. எழுந்து கை கழுவப் போனார். ரொம்ப நேரம் குழாய் ஓடியது.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

ராஜினாமா கடிதம் நாலு வரி. காரணம் என்ற இடத்தில் முதலில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன். அடித்தேன். லெந்து இன்னும் முடியவில்லை. 'இந்த வேலை எனக்குத் தகுதியால் கிடைக்கவில்லை' என்று எழுதினேன்.

மேலாளர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணாச்சிகிட்டக் கேட்டுட்டீங்களா?"

"எதுக்கு?"

"இல்ல... விடறதுன்னாலும் அவுககிட்ட ஒரு வார்த்தை..."

மேசையில் வைத்துவிட்டு வந்தேன். சுழல் நாற்காலியை லில்லி அக்காவின் மேசைக்குத் தள்ளிவிட்டேன். அவள் உட்காரவில்லை. பயந்தாள்.

வீதியில் வரும்போது பெருமையாக இருக்கவில்லை. மறுபடி எத்தனை பரிட்சை?

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

பகலில் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை அப்பாவுக்கு. சீடன் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரைத் தெரியாது என்று சொல்கிற பகுதி. சேவல் கூவி, செய்தது பேதுருவுக்கு உறைக்கிற இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். மிச்சத்தைப் போதகர் வாசித்தார்.

ஏப்ரல் 5, உயிர்த்தெழுந்த ஞாயிறு

வழக்கமாக இந்த நாளில் விடியற்காலை ஆராதனை கல்லறைத் தோட்டத்தில்தான். செயலாளர் அறிக்கைப்படி இந்த வருஷம் கோயிலுக்குள். நான் நேற்று வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் சொன்னேன்: மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குக் கேட்டுக்கு வாருங்கள். ஐந்தாறு பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தேன். நாற்பதுக்கு மேல் நின்றார்கள். பிள்ளைகளும்.

கேட் ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு. பூட்டு, உள்ளே நாய், மேலே கேமரா. ரெஜினாள் மதினி அண்ணாந்து பார்த்தாள்.

"அந்தக் காலத்துல ஆண்டவர் கல்லறைக்குப் போன பொம்பளைகளுக்கு ஒரு கல்லைத்தான் யாரு புரட்டுவான்னு கவலை. நமக்குப் பூட்டு, நாயி, கேமரா. கர்த்தருக்கே சோலி கூடிப்போச்சு."

சிரித்தார்கள். சிரித்ததில் பயம் கொஞ்சம் இறங்கியது. காவல்காரர் உள்ளேயிருந்து டார்ச் அடித்தார். "சாவி எங்கிட்ட இல்லம்மா. நான் சம்பளக்காரன்." போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

கிழக்கு வெளுத்தபோது போதகர் வந்தார். அங்கி போட்டுக்கொண்டு வந்தார். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஆண்கள் சிலர். கடைசியில் அப்பா. கோயிலில் ஆளில்லாமல் அவரும் வந்திருக்க வேண்டும்.

நான் ஒரு கல்லின் மேல் ஏறினேன். பேசத் தயார் செய்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்:

"இந்தக் கேட்டைப் போட்டது மச்சினன். பத்திரத்தைக் கையில வச்சிருக்கது அண்ணாச்சி. கொண்டுபோய்க் குடுத்தது எங்கப்பா. அதுல கெடச்சது என் வேலை. வியாழக்கிழமை விட்டுட்டேன். ஆனா இன்னொண்ணு சொல்லணும். நவம்பர்ல அப்பா மஞ்சப் பையோட போனதை நானும் பாத்தேன். பை இல்லாமத் திரும்பி வந்ததையும் பாத்தேன். மறுநாள் ஆர்டர் வந்துச்சு. நான் கேக்கல. கேட்டா வேலை போயிரும்னு எனக்குத் தெரியும். அதனால கேக்கல."

இந்த நோட்டிலும் அதை நான் இதுவரை எழுதவில்லை. பிப்ரவரி 18-ஆம் தேதிப் பக்கத்தில் 'தகுதி' என்று எழுதியிருக்கிறேன். அடிக்கப் போவதில்லை. கிடக்கட்டும்.

பெரியவர் ஒருவர் முனகினார்: "இதையெல்லாம் இன்னைக்கா பேசுறது? பண்டிகை நாள்."

"இன்னைக்கு இல்லன்னா என்னைக்குய்யா?" என்றாள் மதினி. "என் பிள்ளை இருபத்திரெண்டு வருசமா உள்ள கெடக்கான். அவன்கிட்ட நாளைக்கு வாரேன்னா சொல்லுவேன்?"

அப்போது பெர்சிஸ் கத்தினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டைப் பார்த்து, கிணற்றில் விழுந்தவள் மாதிரி: "ஓசன்னா!" மற்றப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். பிறகு பெண்கள். ஒரு கட்டத்தில் சொல் மாறிவிட்டது. யார் மாற்றினார்கள் என்று தெரியவில்லை. "இப்பவே! இப்பவே! இப்பவே!" இரும்பு அதிர்ந்தது. நாய் குரைப்பதை நிறுத்தியது. காவல்காரர் போனைக் காதில் வைத்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

கேட் திறக்கவில்லை. மெழுகுவர்த்திகளைக் கேட்டுக்கு அடியில் வரிசையாக நட்டோம். மதினி தன்னுடையதைக் கம்பியிடுக்கில் கைவிட்டு அந்தப் பக்கத்து மண்ணில் குத்தினாள். கை எட்டிய தூரம் அவ்வளவுதான். "இந்தா, ஒரு முழம் உள்ள வந்துட்டோம்லா" என்றாள். போதகர் அங்கேயே நின்று ஆராதனையை நடத்தினார். ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்று அவர் சொல்ல, மெய்யாகவே உயிர்த்தெழுந்தார் என்று நாங்கள் சொன்னோம். அப்பாவின் வாய் அசைந்தது. குரல் கேட்கவில்லை.

இப்போது மாலை நாலு மணி. வெளியே அண்ணாச்சியின் பிரசார ஆட்டோ மூன்றாவது தடவையாகப் போகிறது. அப்பா முன்னறையில் காலண்டருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் சாப்பிடவில்லை. அலமாரிக்கு மேலிருந்து அம்மா படத்தை எடுத்துத் துடைத்து மடியில் வைத்திருக்கிறார். ஆணியை மட்டும் தொடவில்லை.

நாளை திங்கள். தாசில்தார் சொன்ன கடைசி நாள். காலை பத்தரை மணிக்கு வாக்குமூலம். முதல் பஸ் எட்டே காலுக்கு.

கதவருகே போய் நின்றேன்.

"அப்பா, மஞ்சப் பையை யாருகிட்டக் குடுத்தீங்கன்னு நாளைக்குச் சத்தியம் பண்ணிச் சொல்லணும். நீங்கதான் சொல்லணும். வேற யாரு சொன்னாலும் செல்லாது. வருவீங்களா?"

மறுபடி கேட்டேன்.

"வருவீங்களாப்பா? இப்பவே சொல்லுங்க."